விடுதிக்குப் போகும் பிள்ளை

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே மூணாறு செல்லும் சாலையில் போய், இடையில் பிரியும் கிளைச் சாலையில் திரும்பினால் அமராவதி நகர் வந்துவிடும். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவு. தென்னந்தோப்புகளையும் கரும்பு வயல்களையும் கடந்து செல்லச் செல்ல, ஆனைமலைத் தொடரும் பழனிமலைத் தொடரும் ஒன்றையொன்று நெருங்கி வந்து, தென்திசை வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கக் காணலாம். அவ்விரு மலைகளுக்கும் இடைப்பட்ட மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கின் வழியே இறங்கிவரும் அமராவதி ஆற்றை மறித்து, காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1957-ஆம் ஆண்டில் அணை எழுப்பினர். அணைக்கருகே முதலைப் பண்ணை ஒன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வேனில் வந்து இறங்கும் குடும்பங்கள் முதலையைப் பார்த்து, அணைமேட்டில் நடந்து, பொரித்த மீன் தின்று திரும்புகின்றன.

அவர்களுள் பெரும்பாலோர் நின்று பாராமல் கடந்துபோகும் வாயில் ஒன்று அவ்வூரில் இருக்கிறது. அது சைனிக் பள்ளியின் வாயில். புதிய மாணாக்கர் வந்து சேரும் நாளில் இத்தகைய பள்ளி எதன் வாயிலிலும் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். குடும்ப வாழ்வைப் பற்றி நூல்களில் கற்க இயலாத சிலவற்றைக் கற்றுக்கொள்ளலாம். இரும்புப் பெட்டி, புதிய வாளி, மூலையில் பெயரெழுதிய போர்வை ஆகியவற்றைச் சுமந்தபடி காரிலும் ஆட்டோவிலும் மக்கள் வந்து இறங்குவர். தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்ட, பத்து அல்லது பதினொரு வயதுப் பையன் நடுவில் நிற்பான். தந்தை வாய் ஓயாமல் அறிவுரை கூறுவார். தாய் பேசமாட்டாள், சட்டையின் கழுத்துப் பொத்தானைத் திருத்திக்கொண்டேயிருப்பாள். பையனோ இருவரையும் பாராமல், உள்ளே ஓடியாடும் மற்றப் பையன்களையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு பெற்றோர் வெளியே வருவர். கார் புறப்படும்வரை அவ்விருவரும் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

இப்பள்ளி தோன்றிய வரலாற்றை அறிந்துகொள்வது நன்று. நாட்டுக்கு விடுதலை கிடைத்துப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும், படையின் அதிகாரிகளாக வருவோர் சில மாநிலங்களையும், ஆங்கிலப் பள்ளிகளுக்குப் பணங்கட்ட இயன்ற சில குடும்பங்களையுமே பெரிதும் சார்ந்தவராயிருந்தனர். இக்குறையை நீக்க அன்றைய பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன் மாநிலந்தோறும் உறைவிடப் பள்ளிகளைத் தொடங்கத் திட்டமிட்டார். 1961-ஆம் ஆண்டு மராட்டிய மாநிலத்துச் சதாராவில் முதற்பள்ளி தோன்றியது. 1962 ஜூலை 16-ஆம் நாள் அமராவதி நகர்ப் பள்ளி திறக்கப்பெற்றது. அவ்வாண்டு அக்டோபரிலேயே சீனப் போர் மூண்டது. நவம்பரில் மேனன் பதவி துறந்தார். அவர் போனார், அவர் நட்ட பள்ளிகள் நிலைத்தன. புனேவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்புக் கழகத்துக்கு மாணாக்கரை ஆயத்தப்படுத்துவதே அவற்றின் நோக்கம். ஆனால் இங்குப் படித்துவிட்டு மருத்துவராகவும் பொறியாளராகவும் போனவரும் பலர். அதனால் நாட்டுக்கு இழப்பேதும் நேர்ந்துவிடவில்லை.

ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நாடளாவிய நுழைவுத் தேர்வின் வழியே மாணாக்கரைச் சேர்க்கின்றனர். ஆறாம் வகுப்புக்கு வயது பத்துக்குக் குறையாமலும் பன்னிரண்டுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். தேர்வின் மொத்த மதிப்பெண் 300; அதிற் பாதி, அதாவது 150, கணக்குக்கே உரியது. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். தேறியவர்க்கு மருத்துவ ஆய்வு உண்டு. பெற்றோரின் வருவாயைப் பொறுத்து அரசின் உதவித்தொகையும் கிடைக்கிறது. 2021-22 கல்வியாண்டு முதல் சைனிக் பள்ளிகளில் சிறுமியரையும் சேர்க்கின்றனர். கடக்வாஸ்லாவிலிருந்து முதன்முதலாக 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளிவந்தது 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில். ஆகவே, வாயிலருகே கழுத்துப் பொத்தான் திருத்தப்படுவது இனிப் பையன்களுக்கு மட்டுமன்று.

உள்ளே வாழ்க்கை மணியடித்தபடி நடக்கும். விடியுமுன் எழுதல், உடற்பயிற்சி, குளியல், சீருடை, காலையுணவு, வகுப்பு; மாலையில் விளையாட்டு, இரவில் மேற்பார்வையில் படிப்பு, குறித்த நேரத்தில் விளக்கணைப்பு. வீட்டில் தாய் மூன்று முறை எழுப்பியும் எழாத பையன் ஒரே மாதத்தில் தானே எழுந்து, தன் போர்வையைத் தானே மடித்து, தன் காலணிக்குத் தானே மெருகேற்றக் கற்கிறான். விடுமுறைக்கு வந்தவன் தின்ற தட்டைத் தானே கழுவி வைப்பதைக் கண்டு மகிழாத தாய் யார்? பிற மாநிலத்துப் பையனோடு ஒரே அறையில் உறங்குகிறான். வேறு மதத்தானின் திருநாளைத் தன் திருநாள்போற் கொண்டாடுகிறான். தோற்றபின் எதிரணியோடு கைகுலுக்கக் கற்கிறான். இவை சிறிய பாடங்கள் அல்ல. தமிழ்வழி படித்துச் சென்ற பிள்ளைக்கு எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் கேட்கும் முதல் ஆறு மாதம் கடினமானதுதான். ஊன்றி நின்ற பிள்ளைகள் அதையும் கடந்துவிடுகின்றனர்.

நம் திருப்பூர்ப் பகுதியின் குடும்பங்கள் பிள்ளைகளை விடுதிக்கு அனுப்புவதற்கு இவற்றையெல்லாம் காரணமாகச் சொல்வதுண்டு. எனினும் அவர்களோடு சற்று நேரம் உட்கார்ந்து பேசினால் வேறொரு காரணம் மெல்ல வெளிவரும். தந்தை கட்டிங் மாஸ்டர். தாய் ஓவர்லாக் டெய்லர். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் மாதங்களில் இருவருக்கும் ஒன்றரை ஷிப்டு. காலை எட்டரைக்கு வீட்டைப் பூட்டினால் இரவு ஒன்பதுக்கோ அதற்கு மேலோதான் திறப்பர். பிழைப்புக்காக மதுரைப் பக்கத்திலிருந்தோ தஞ்சைப் பக்கத்திலிருந்தோ வந்தவர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி உடனில்லை. “விடுதியிலே இருந்தால் நேரத்துக்குச் சோறாவது தின்னும்” என்கிறாள் தாய். இதைக் கேட்டுவிட்டுக் குறைகூற யாருக்கு மனம் வரும்? மறுபுறம், பனியன் கம்பெனி முதலாளியும் தம் பிள்ளையை உதகைக்கோ கொடைக்கானலுக்கோ அனுப்புகிறார். அவரிடம் கட்டணத்துக்குப் பணம் உண்டு, பிள்ளைக்குத் தர நேரமில்லை. தொழிலாளியும் முதலாளியும் ஒரே பற்றாக்குறையால் வருந்துவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அமராவதி நகரில் நின்று தெற்கும் கிழக்குமாகப் பார்த்தால் தெரியும் பழனிமலையின் மறுவிளிம்பில்தான் கொடைக்கானல் இருக்கிறது. அங்கும் ஓர் உறைவிடப் பள்ளி உண்டு. அது பன்னாட்டுப் பள்ளி. இங்கே படையதிகாரி உருவாகிறான் என்றால், அங்கே பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாய்ப் படித்து உலகெங்கும் உள்ள பல்கலைக் கழகங்களுக்குச் செல்கின்றனர். 1976-ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பன்னாட்டுப் பட்டயப் படிப்பை ஏற்ற பள்ளி அது. ஜெனீவாவில் 1968-இல் உருவான அப்படிப்பில் மாணாக்கர் ஆறு பாடங்களோடு, தாமே தேர்ந்த பொருளை ஆராய்ந்து 4,000 சொற்கள் வரை கட்டுரை எழுதுதல் வேண்டும். அறிவு என்பது எவ்வாறு கிட்டுகிறது எனச் சிந்திக்கும் பாடமும், கலை, விளையாட்டு, சமூகத் தொண்டு ஆகியவையும் கட்டாயம். மனப்பாடத்தில் ஊறிய நம்மவர்க்கு இது புதுமையாகத் தோன்றும்.

ஆனால் என் உள்ளத்தைத் தொட்டது அப்பள்ளியின் பாடத்திட்டத்தினும் அதன் பிறப்பு வரலாறே. சென்ற நூற்றாண்டின் தொடக்கம்வரை, தமிழகத்தில் பணிபுரிந்த அமெரிக்க மறைபரப்பாளர்கள் தம் பிள்ளைகளை ஆறேழு வயதிலேயே கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பி வந்தனர். மீண்டும் காண ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். மகனைச் சிறுவனாய் வழியனுப்பிய தாய், மீசை அரும்பியபின் அவனைத் துறைமுகத்தில் அடையாளம் தேடுவாள். இக்கொடுமைக்கு மாற்றாகவே 1901-இல் கொடைக்கானலில் ‘ஹைகிளர்க்’ என்ற பெயரில் அப்பள்ளி தொடங்கப்பெற்றது. முதல்வராக அமர்ந்தவர் மார்கரெட் எடி அம்மையார். கிறிஸ்தவ இளைஞர் சங்கத் தொண்டில் புகழ்பெற்ற ஷெர்வுட் எடியின் தாய். கோடைக்காலத்தில் சமவெளியின் வெயிலுக்கு ஒதுங்கித் தாய்மார் மலையேறி வருவர். அந்நாள்களில் பிள்ளைகள் விடுதியை விட்டு வெளியேறி, வாடகைக் குடில்களில் தாயோடு தங்கிப் பள்ளிக்குப் போய் வருவர். ஆக, பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்பும் இடமாக நாம் எண்ணும் விடுதி, பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளும் ஆசையால் அங்கே எழுந்தது! கட்டடமும் படுக்கையும் மணியும் எங்கும் ஒன்றே. பெற்றோர் எந்த மனத்தோடு அதை நாடுகின்றனர் என்பதில்தான் வேறுபாடு.

நம் இல்லங்களில் குழந்தை தெரேசம்மாளின் படத்துக்கு மாலையிடுகிறோம். அவர் வளர்ந்த குடும்பம் ஆடைத்தொழிற் குடும்பம் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்? அவருடைய தாய் செலி மார்ட்டின், பிரான்சு நாட்டின் அலன்சோன் நகரில், அவ்வூருக்கே உரிய மென்பின்னல் லேஸ் தொழில் நடத்தியவர். வீட்டிலிருந்து பின்னும் பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பார். வியாழக்கிழமைதோறும் அவர்கள் முடித்துக் கொண்டுவரும் துண்டுகளைப் பெறுவார். அவற்றை இணைத்துத் தைக்கும் நுண்பணியைத் தாமே செய்வார். ஆர்டர் பெருகி இரவு நெடுநேரம் கண்விழித்த நாள்கள் பல. ஈடுகொடுக்க முடியாமற்போகவே, கணவர் லூயி 1870-இல் தம் கடிகாரக் கடையை விற்றுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணைவந்தார். கடைக்குட்டி தெரேசாவுக்குத் தாய்ப்பால் கொடுக்க உடல் இடந்தராததால், ஓராண்டுக்கு மேல் சிற்றூரில் ஒரு செவிலித்தாயிடம் விட்டு வளர்க்க நேர்ந்தது. நம் ஓவர்லாக் டெய்லர் தாய்க்கு இதைவிட நெருங்கிய புனிதை வேறு யார் இருக்கக்கூடும்? 2015 அக்டோபர் 18-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், லூயி-செலி தம்பதியரை ஒருங்கே புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

இப்புனிதையும் தம் மூத்த மகளிரை விடுதிக்கு அனுப்பியவரே. மரியும் பவுலினும் 1868 முதல் லெ மான் நகரில், செலியின் அக்காள் துறவியாயிருந்த கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்தனர். நன்கு படித்தனர், நன்கு வளர்ந்தனர். ஆனால் செலி அம்மையார் விடுதியிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கவில்லை. மடல் எழுதினார், இடைவிடாது எழுதினார். அவருடைய மடல்களில் இருநூறுக்கு மேற்பட்டவை இன்றும் காக்கப்பட்டுள்ளன. அவற்றில் அறிவுரை குறைவு, வீடு நிறைந்திருக்கிறது. சிறுமி தெரேசா மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று ‘அம்மா’ என்று அழைப்பதும், தாய் மறுமொழி கூறாவிட்டால் அதே படியில் அசையாமல் நின்றுவிடுவதும் அம்மையாரின் மடல்வழியாகவே நமக்குத் தெரிய வந்தன. தொலைவில் இருந்த மகளிர்க்கு வீட்டின் மாடிப்படிச் சத்தம்கூட மடலில் சென்று சேர்ந்தது. ‘நன்றாகப் படி, மதிப்பெண் எத்தனை?’ என்ற இரண்டு சொற்றொடரில் முடிந்துவிடும் நம் தொலைபேசி உரையாடல்களை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

அதே வீட்டில் பிறந்த மூன்றாம் மகள் லெயோனியின் கதை வேறு. அவளையும் அதே விடுதியில் சேர்த்தனர். சொந்தப் பெரியம்மாவே அங்கிருந்தும் அவளால் ஒட்ட முடியவில்லை. திருப்பியனுப்பினர். மீண்டும் சேர்த்தனர், மீண்டும் திருப்பியனுப்பினர். தாயின் மனம் நொந்தது. ஆனால் பின்னாளில், பலமுறை முயன்று தோற்றபின், 1899-இல் அதே சபையின் வேறொரு மடத்தில் துறவியாகச் சேர்ந்து 1941-இல் இறக்கும்வரை நிலைத்தார் லெயோனி. இன்று இறையூழியர் எனத் திருச்சபை அவரையும் அழைக்கிறது. தெரேசாவோ விடுதியில் தங்காமல், லிசியே நகர மடத்துப் பள்ளியில் பகல் முழுதும் இருந்து மாலையில் வீடு திரும்பியவர். எட்டு வயதில் சேர்ந்து அங்குக் கழித்த ஐந்தாண்டுகளே தம் வாழ்வின் துயரமிக்க ஆண்டுகள் என்று பிற்காலத்தில் எழுதிவைத்தார். 1886-இல் அவர் நோயுற்றபோது, தந்தை லூயி தயங்காமல் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, ஓர் ஆசிரியையிடம் தனியே படிக்க ஏற்பாடு செய்தார். உலகெங்கும் மறைவல்லுநர் எனப் போற்றப்படும் ஒரு புனிதை, பள்ளியிலிருந்து இடையில் நிறுத்தப்பட்ட பிள்ளை!

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு. பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்துவிட்டான் என்பதற்காக நம் பையனையும் நான்காம் வகுப்பிலேயே பயிற்சி நிலையத்தில் கொண்டுபோய் அடைக்கிறோமே, அவன் எவ்வகைப் பிள்ளை என்று கேட்டோமா? விடியற்காலையில் தனிப் பயிற்சி, பிறகு பள்ளி, மாலையில் மறுபடி பயிற்சி என ஒன்பது வயதில் பந்தயக் குதிரையாக்கி, தேர்வில் தவறினால் அவன் முகத்தில் விழிக்காத தந்தையரை நான் கண்டதுண்டு. தேறி உள்ளே போன பிள்ளை ஆறு மாதத்தில் ஒட்டாமல் திரும்பினால், ‘ஊருக்கு என்ன சொல்வது?’ என்பதே முதற்கவலையாகிறது. லூயி மார்ட்டினுக்கும் ஊர் இருந்தது. அவர் ஊரைக் கேட்கவில்லை.

பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டில் உரைத்தது. அக்கடமை வேறெவராலும் ஈடுசெய்ய இயலாதது, பிறரிடம் முற்றாகக் கைமாற்ற இயலாதது என்று 1981-இல் குடும்பத்தைப் பற்றிய ஊக்கவுரையில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வலியுறுத்தினார். அரசுப் பள்ளியோ பன்னாட்டுப் பள்ளியோ மறைக்கல்வி வகுப்பு நடத்த வேண்டுமென நாம் எதிர்பார்க்க முடியாது. முதல் நற்கருணை வாங்கிய மறு ஆண்டே விடுதிக்குச் செல்லும் பிள்ளையின் செபத்தை வளர்ப்பவர் யார்? விடுமுறையில் வீட்டுக்கு வந்த நாள்களிலாவது குடும்பச் செபமாலையில் அவனுக்கு ஓர் இடம் வேண்டும். தூங்கட்டும், களைத்து வந்திருக்கிறான் என்று ஞாயிறு திருப்பலிக்கும் எழுப்பாமல் விட்டுவிடுவது பரிவு போலத் தோன்றும். அவன் வீட்டில் விருந்தாளியாவது அங்கேதான் தொடங்குகிறது.

விடுதியைத் தேடும்போது கட்டடத்தையும் தேர்ச்சி வீதத்தையும் பார்ப்போர் மிகுதி. இரவில் விளக்கணையும் நேரத்தில் அங்கு என்ன நடக்கிறது என்று விசாரிப்போர் குறைவு. 1847-இல் ஒரு மழையிரவு, தூரினில் தொன் போஸ்கோ வீட்டுக் கதவை நனைந்த அனாதைச் சிறுவன் ஒருவன் தட்டினான். அதற்கு முன் இடங்கொடுத்த பையன்கள் போர்வைகளைத் திருடிக்கொண்டு ஓடியிருந்தனர். எனினும் அவருடைய தாய் மார்கரீத்தா அவனுக்கு உணவளித்து, அடுக்களையிலேயே செங்கல்லும் பலகையும் அடுக்கிப் படுக்கை அமைத்து, உறங்குமுன் அருகிலிருந்து நான்கு நல்ல சொல் பேசினார். சலேசிய இல்லங்களில் இன்றும் இரவு வணக்கத்துக்குப் பின் சொல்லப்படும் சிற்றுரை அந்த அடுக்களையில் பிறந்தது. இளைஞரை நேசித்தால் மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுவதை அவர்கள் உணர வேண்டும் என்று தொன் போஸ்கோ 1884-இல் உரோமையிலிருந்து தம் இல்லத்தாருக்கு எழுதினார். ஐம்பது படுக்கைக்கு ஒரு கண்காணிப்பாளர் என்றால் அந்த உணர்வு எத்தனை படுக்கை வரை எட்டும்? இதை நேரிற் கேட்கப் பெற்றோர்க்கு உரிமை உண்டு.

கசப்பான ஒன்றையும் கூறியாக வேண்டும். மூடிய கதவுக்குள் வாழும் சிறுவர்க்கு மூத்த மாணாக்கராலும், சில வேளைகளில் பெரியவர்களாலும் தீங்கு நேர்ந்ததுண்டு. திருச்சபை நடத்தும் நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. உலகின் பல நாடுகளில் நாம் தலைகுனிய நேர்ந்தது. அதன்பின்னரே 2019 மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், முறையீடுகளைப் பெறும் ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருந்தாக வேண்டுமென ஆணையிட்டார். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டு முதல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் நடைமுறையில் உள்ளது. 1098 என்ற எண்ணைப் பிள்ளை தானே அழைக்கலாம். இவ்வெண்ணை விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு மனப்பாடமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையிடம் இதைப் பேசுவதா என்று கூசுகிறோம். தனியே அனுப்பக் கூசவில்லையே!

ஆனால் சட்டமும் எண்ணும் இருந்தும் பிள்ளைகள் வாய்திறப்பதில்லை. எனக்கு இது பட்டறிவு. பன்னிரண்டு வயதில் நானும் ஒரு விடுதியில் சேர்க்கப்பட்டேன். ஊரும் பெயரும் இப்போது வேண்டா. ஞாயிறுதோறும் வீட்டுக்கு மடல் எழுத வேண்டும். எழுதியதை ஒட்டாமல் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். ஆகவே எல்லாரும் ஒரே மடலையே எழுதினோம்: ‘நான் நலம். நன்றாகப் படிக்கிறேன். சாப்பாடு நன்றாயிருக்கிறது.’ உணவுக்கூடத்தில் என் பக்கத்திலமர்ந்த மூத்த மாணவன் ஒருவன் நாள்தோறும் என் தட்டிலிருந்து பாதியைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டான். சொன்னால் அடிப்பான் என்பது ஒருபுறம். ‘இதற்குக்கூடவா அழுவது’ என்று அப்பா நினைத்துவிடுவாரோ என்ற அச்சம் அதைவிடப் பெரிது. விடுமுறையில் நேரிற் கேட்டபோதும் ‘நன்றாயிருக்கிறது’ என்றே சொன்னேன்.

விவிலியத்தில் வீட்டைவிட்டுப் போய் வளர்ந்த பிள்ளை சாமுவேல். தவமிருந்து பெற்ற மகனைப் பால்மறந்தவுடன் சீலோவில் குரு ஏலியின் பொறுப்பில் ஆண்டவரின் இல்லத்தில் விட்டாள் அன்னா. அதன்பின் அவளைப் பற்றி விவிலியம் கூறுவது மிகச் சிறிய செய்தி. ஆண்டுதோறும் பலி செலுத்தச் செல்லும்போது மகனுக்கு ஒரு சிறு மேலாடை தைத்துக் கொண்டுபோனாளாம். தையல் தெரிந்த நம் பெண்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஓராண்டாய்க் காணாத பிள்ளைக்குத் தைப்பதென்றால் அளவு எங்கிருந்து வந்தது? சென்ற ஆண்டு நின்ற உயரத்தோடு எத்தனை விரற்கடை சேர்ப்பது என்று அவள் இரவெல்லாம் எண்ணியிருப்பாள். கொண்டுபோய் அணிவித்துப் பார்க்கும்போது, ஆடை சொல்லாததையும் பிள்ளையின் உடம்பு சொல்லியிருக்கும்.

என் தாய்க்கு விவிலியத்தில் அவ்வளவு பழக்கமில்லை. எழுதப் படிக்கவே அரைகுறை. ஆனால் பழைய கைத்தையல் எந்திரம் ஒன்று வைத்திருந்தார். வளரும் பிள்ளை என்பதால் என் கால்சட்டையின் ஓரத்தை நான்கு விரற்கடை உள்ளே மடித்துத் தைத்து அனுப்புவார். விடுமுறைக்கு வரும்போது தையலைப் பிரித்து நீளமாக்கித் தருவார். அந்த முதல் விடுமுறையின் இரண்டாம் நாள் மாலை, விளக்கு வெளிச்சத்தில் என்னை நிறுத்தி அளவெடுத்தார். காலருகே இரண்டு விரற்கடை இறக்கியாயிற்று. பிறகு இடுப்பில் நாடாவைச் சுற்றியவர் அப்படியே நிறுத்தினார். மறுபடி சுற்றிப் பார்த்தார். உயரம் கூடியிருந்தது, இடுப்பு குறைந்திருந்தது.

“ஏன் கண்ணு, உன் சோத்தை யாரு தின்னுபோடறாங்க?” என்று கேட்டார்.

நான் அழுதேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் பிரித்த தையலைத் தைத்து முடித்தார். மறுநாள் காலை முதல் பேருந்துக்கே அப்பா புறப்பட்டுப் போனார்.